வேலையை வெளியே கொடுக்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து 5,000 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் யூனிட்டில் இருப்பது பத்துத் தையல் மெஷின். ஒரு நாளைக்கு 300 பீஸ் வரும். பள்ளி திறக்க இன்னும் பத்தே நாள். 3,000 பீஸை இங்கேயே தைத்துவிடலாம். மீதி 2,000-க்கு என்ன செய்வது?

"அதுக்கென்ன, வெளியே கொடுத்துடலாம்" என்பதுதான் உடனே வாயில் வருகிற பதில். பக்கத்துத் தெருவில் பவர் டேபிள் வைத்திருக்கிறவருக்கு ஒரு போன். ரேட் பேசியாயிற்று. மறுநாள் காலை துணி வண்டியில் ஏறிவிடும். இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். பத்து நாள் கழித்து ஷேட் மாறி, அளவு மாறி, 80 பீஸ் குறைந்து சரக்கு திரும்பி வரும்போதுதான் அந்த ஐந்து நிமிடத்தில் எதையெல்லாம் கேட்காமல் விட்டோம் என்று தெரிகிறது.

பெரிய கம்பெனிகள் இதற்கு அவுட்சோர்சிங் என்று பெயர் வைத்து, தனியாக ஒரு துறையே நடத்துகின்றன. நம் ஊரில் இதன் பெயர் ஜாப் ஒர்க். திருப்பூரில் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், காஜா-பட்டன் என்று ஒரு பனியன் ஏழெட்டு இடம் சுற்றித்தான் பெட்டிக்குள் போகிறது. கோவையில் பம்ப்செட் செய்கிறவர் வார்ப்பை ஒரு இடத்தில் வாங்கி, லேத் வேலையை இன்னொரு இடத்தில் கொடுக்கிறார். சிவகாசியில் அச்சடிப்பவர் லேமினேஷனை வெளியே அனுப்புகிறார். கணக்கு எழுத ஆடிட்டர் ஆபீஸ், டெலிவரிக்கு ஒரு ஆப், இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பி என்று எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். வேலை வெளியே போகிறது; அந்த வேலைக்குச் சட்டத்தின் முன்னாலும் வாடிக்கையாளர் முன்னாலும் பதில் சொல்கிற ஆள் நீங்கள்தான். இந்தப் பாடம் முழுக்க அதைச் சுற்றித்தான் வரும்.

ரேட் மட்டும் செலவு ஆகாது

பேனா, பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் கால்குலேட்டர் இருந்தாலும் போதும். கீழே வருகிற எண்கள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் எண்ணைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

வெளியே தைக்க ஒரு பீஸுக்கு ₹24 கேட்கிறார். இதில் ஜிஎஸ்டியைச் சேர்க்கவில்லை. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் அவர் பில்லில் போடும் வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அது செலவு இல்லை, கொஞ்ச நாள் முடங்கும் பணம். துணி போய் வர வண்டி ₹1,800. அதை 2,000 பீஸுக்குப் பிரித்தால் பீஸுக்கு 90 பைசா. திரும்பி வந்த சரக்கை செக் செய்ய ஒரு ஆள், மூன்று நாள், தினம் ₹600. அது இன்னொரு 90 பைசா. நூற்றுக்கு மூன்று பீஸ் கெட்டுப்போனால் 60 பீஸ். ஒரு பீஸுக்குத் துணி ₹90 என்றால் ₹5,400 போச்சு, பீஸுக்கு ₹2.70. கூட்டிப் பாருங்கள். ₹24 என்று பேசிய வேலை உங்களுக்கு ₹28.50-க்கு வருகிறது. கெட்டுப்போன பீஸை செகண்ட்ஸில் தள்ளிக் கொஞ்சம் எடுக்கலாம்தான். ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்து, உள்ளே தைத்தால் என்ன ஆகும்? இங்கேதான் நிறையப் பேருக்குக் கணக்கு தப்புகிறது. டைலர் கூலி ₹15, கரண்ட் ₹1, அத்தோடு வாடகை, மெஷின் கடன் தவணை, சூப்பர்வைசர் சம்பளம் எல்லாவற்றையும் பிரித்து பீஸுக்கு ₹7 என்று சேர்த்து "எனக்கு ₹23 ஆகுது, வெளியே ₹24, ஒரு ரூபாய்தானே" என்று முடித்துவிடுவார்கள். வேலையை வெளியே கொடுத்தால் உங்கள் பில்டிங் ஓனர் வாடகையைக் குறைத்துக்கொள்வாரா? வங்கி தவணையைத் தள்ளிப்போடுமா? வெளியே கொடுப்பதால் உண்மையில் மிச்சமாவது ₹16 மட்டும்தான். மெஷின் சும்மா இருக்கும்போது வெளியே கொடுத்தால், ஒவ்வொரு பீஸுக்கும் ₹12.50 கையை விட்டுப் போகிறது.

நம் உதாரணத்தில் மெஷின் சும்மா இல்லை. பத்து நாளும் நிரம்பிவிட்டது. அப்போது கேள்வியே வேறு. துணி, கட்டிங், நூல் எல்லாம் போக ஒரு பீஸில் உங்களுக்கு ₹45 நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், வெளிச்செலவு ₹28.50 போக ₹16.50 மிச்சம். 2,000 பீஸுக்கு ₹33,000. வெளியே கொடுக்காவிட்டால் அதுவும் இல்லை, ஒருவேளை மொத்த ஆர்டரும் இல்லை. இப்போது வெளியே கொடுப்பதுதான் சரி.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ஓவர்டைம். கூலியை இரட்டிப்பாகக் கொடுத்தால் ₹30, கரண்டோடு ₹31. வெளியே கொடுப்பதைவிட ₹2.50தான் கூடுதல். துணி உங்கள் கண் முன்னாலேயே இருக்கிறது, செக்கிங் அங்கேயே முடிகிறது. என்னைக் கேட்டால் ஒரு ஐந்நூறு பீஸையாவது இப்படி உள்ளே இழுத்துக்கொண்டு மீதியை வெளியே அனுப்புவேன். ஓவர்டைம் நேரத்துக்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது, டைலர்களின் உடம்புக்கும் வரம்பு இருக்கிறது. அதனால் 2,000-ஐயும் இப்படி முடிக்க முடியாது.

எதைக் கொடுக்கலாம், எதை விடக்கூடாது

எப்போதாவது தேவைப்படுகிற, மெஷின் விலை அதிகமான வேலையை வெளியே கொடுப்பதில் தப்பே இல்லை. எம்ப்ராய்டரி மெஷினை மாதத்தில் நான்கு நாள் ஓட்டுவதற்காக யாரும் வாங்க வேண்டியதில்லை. பிரிண்டிங்கும் அப்படித்தான்.

கட்டிங் வேறு ரகம். ஒரு டி-ஷர்ட்டின் விலையில் பெரிய பங்கு துணிதான். அந்தத் துணி வீணாவதும் மிச்சமாவதும் கட்டிங் டேபிளில் முடிவாகிறது. அதை வெளியே விட்டால் உங்கள் லாபத்தின் சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. கடைசி செக்கிங்கும் உள்ளேயே இருக்கட்டும். தைத்தவரே தன் வேலையைச் செக் செய்து "ஓகே" சொல்லுவதில் என்ன இருக்கிறது? வாடிக்கையாளரோடு பேசுவது, விலை சொல்லுவது இரண்டையும் எக்காரணத்தைக் கொண்டும் வெளியே தரவேண்டாம்.

2011 ஜனவரியில் திருப்பூரில் நடந்தது

சின்ன யூனிட் நடத்துகிறவர்கள் "இதெல்லாம் பெரிய ஆட்களுக்கு" என்று நினைக்கலாம். அதனால் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறேன்.

திருப்பூரின் பனியன் தொழிலில் பெரும்பாலான ஏற்றுமதியாளர்களும் உள்நாட்டு வியாபாரிகளும் சாயவேலையை வெளியே கொடுத்தே பழகியவர்கள். சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் கலந்து பாசன நிலங்கள் பாழாவதாக விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு வந்தது, கெடு வைத்தார்கள், கெடுவை நீட்டினார்கள். கடைசியில் 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், தையல் யூனிட்டுகள் மீது எந்த உத்தரவும் இல்லை. அவர்களுடைய மெஷின் நன்றாக இருந்தது, டைலர்கள் இருந்தார்கள், ஆர்டர் இருந்தது. சாயம் ஏறிய துணிதான் இல்லை. துணியை வெளியூர்களுக்கு, வெளிமாநிலங்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டுக் கொண்டுவந்தார்கள். வண்டிக் கூலி, நாள் தாமதம், ஷேட் மாறுதல் எல்லாம் அவர்கள் தலையில். வழக்கு ஒரே நாளில் முளைத்ததும் இல்லை. "அது சாயப்பட்டறைக்காரர் பிரச்சினை" என்று பார்த்தவர்களுக்கு அது தன் பிரச்சினை என்று தெரிந்தபோது கப்பல் தேதி நெருங்கிவிட்டது. பிறகு ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியேறாத முறைக்கு மாறிய சுத்திகரிப்பு நிலையங்கள் படிப்படியாகத் திறந்தன. இன்று அந்த முறைக்குத் திருப்பூரை உதாரணமாகச் சொல்கிறார்கள்.

உங்களுக்கு இதில் இரண்டு வேலை இருக்கிறது. சாயம், சலவை, முலாம் பூசுதல் மாதிரிக் கழிவு வருகிற வேலையைக் கொடுப்பதற்கு முன், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர் சுவரிலேயே மாட்டி வைத்திருப்பார். இரண்டாவது, ஒரே ஆளை நம்பி நிற்காதீர்கள். வருடம் முழுக்க ஒருவருக்கே எண்பது பங்கு கொடுத்தாலும், இருபது பங்கை இன்னொருவருக்குக் கொடுத்து அந்தக் கதவைத் திறந்து வையுங்கள். அந்த இருபதுக்குப் பீஸுக்கு ஐம்பது பைசா கூடப் போனாலும் பரவாயில்லை.

ஆளைப் பார்ப்பது எப்படி? போனை எடுங்க

அவர் கொடுக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் 'வரி செலுத்துவோரைத் தேடுதல்' பகுதியில் போட்டுப் பாருங்கள். லாகின் எதுவும் வேண்டாம். பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, எந்தப் பெயரில் இருக்கிறது, ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கல் ஆகிறதா என்பதெல்லாம் அங்கேயே வரும். ரிட்டர்ன் போடாதவரிடம் வேலை கொடுத்தால் நீங்கள் கட்டிய வரி உங்களுக்குத் திரும்ப வராமல் சிக்கிக்கொள்ளும். உத்யம் சான்றிதழ் கொடுத்தால் அதையும் உத்யம் இணையதளத்தில் சரிபார்க்கலாம். குறைந்த விற்றுமுதல் உள்ள சின்னவர்களுக்கு ஜிஎஸ்டி எண் இல்லாமல் இருக்கலாம். அது குற்றம் இல்லை. வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

திரையில் தெரியாததை நேரில்தான் பார்க்க வேண்டும். சொல்லாமல் ஒரு முறை போங்கள். எத்தனை மெஷின் இருக்கிறது, எத்தனை ஓடுகிறது, இன்று யாருடைய வேலை டேபிளில் இருக்கிறது என்று பாருங்கள். இருபது மெஷின் இருக்கிறது என்றவரிடம் எட்டுதான் ஓடினால் உங்கள் சரக்கு வேறு யாரிடமோ மறுபடி கைமாறப்போகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடம் போகிற வயசில் பிள்ளைகள் வேலை செய்தால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். விலை பேசக்கூட வேண்டாம்.

எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் முதல் தடவையே 2,000 பீஸைக் கொடுக்காதீர்கள். நூறு பீஸ் கொடுத்து வாங்கிப் பாருங்கள். அவசரத்தில் இதற்கு நேரம் கிடைக்காது என்பதால், வேலை இல்லாத மாதத்திலேயே இரண்டு பேரை இப்படிச் சோதித்து நம்பரைச் சேமித்து வைப்பது நல்லது.

பேசினதை எழுதுங்க

நம் ஊர்ப் பழக்கம் வாய்வார்த்தை. "நமக்குள்ள என்ன பேப்பரு" என்பார்கள். பேப்பர் எழுதுவது சந்தேகத்தால் இல்லை. பத்து நாள் கழித்து இரண்டு பேருக்குமே ஞாபகம் வேறு வேறாக இருக்கும் என்பதால்.

ஒரு பக்கம் போதும். எத்தனை பீஸ், எந்த அளவு, எந்த நூல், ஒப்புதல் கொடுத்த சாம்பிள் யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் எவ்வளவு திரும்பும், சேதாரம் நூற்றுக்கு எத்தனை வரை ஏற்றுக்கொள்ளப்படும், அதைத் தாண்டினால் துணி விலை யாருடையது, பணம் எந்த நாளில். கூடவே, கேட்காமல் வேறு யாருக்கும் வேலையைக் கைமாற்றக்கூடாது என்று ஒரு வரி. பிரிண்டிங் கொடுக்கிறீர்கள் என்றால் ஸ்கிரீன் யாருடையது என்று எழுதிவிடுங்கள். செய்த செலவை நீங்கள் கொடுத்திருப்பீர்கள், ஸ்கிரீன் அவர் கடையில் இருக்கும். அடுத்த முறை வேறு இடம் போகும்போது அதற்காகவே சண்டை வரும். வாட்ஸ்அப்பில் பேசி முடித்திருந்தால் அதே விவரத்தைத் தொகுத்து ஒரு மின்னஞ்சலாக அனுப்பி, "சரி" என்று ஒரு வரி பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரக்கோடு போக வேண்டிய தாள்

ஜாப் ஒர்க்குக்குப் போகும் துணிக்கு நீங்கள் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் டெலிவரி சலான் கட்டாயம். நிட்டிங்கில் இருந்து நேராக டையிங், அங்கிருந்து காம்பாக்டிங் என்று உங்கள் இடத்துக்கு வராமலே போகலாம், அதற்கும் சலான் வேண்டும். மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பிவிட வேண்டும். மெஷின் மாதிரி மூலதனப் பொருளுக்கு மூன்று வருடம். தாண்டினால், அனுப்பிய அன்றே நீங்கள் அதை விற்றுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வரியும் அன்றிலிருந்து வட்டியும் கட்ட வேண்டிவரும். எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்பதை ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் ₹5 கோடிக்கு மேல் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்குள் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை.

தமிழ்நாட்டுக்குள் ₹1 லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள சரக்குக்குப் பொதுவாக இ-வே பில் தேவை; சில பொருள்களுக்கு விலக்கு உண்டு. ஓசூர்க்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஜாப் ஒர்க்குக்காகப் பெங்களூருவுக்கு அனுப்பினால் மதிப்பு பத்தாயிரமாக இருந்தாலும் இ-வே பில் போட வேண்டும். மாநில எல்லையைத் தாண்டும் ஜாப் ஒர்க்குக்குக் குறைந்தபட்ச மதிப்பு என்று எதுவும் கிடையாது.

இன்னொன்று, யாரும் நினைத்துப் பார்க்காதது. உங்கள் தீ விபத்துக் காப்பீடு பாலிசியில் எழுதியிருக்கும் முகவரிக்குத்தான். ஜாப் ஒர்க் யூனிட்டில் கிடக்கும் உங்கள் துணி அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஏஜென்ட்டைக் கேளுங்கள்.

45 நாள்

இந்தப் பகுதியை வேலை கொடுக்கிறவரும் படிக்க வேண்டும், வேலை வாங்கிச் செய்கிறவரும் படிக்க வேண்டும்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ல் வந்தது. வேலை செய்து கொடுத்தவர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். "90 நாள் கிரெடிட்" என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. எழுத்தில் எதுவும் பேசாவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி வீதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 18 சதவீதம்.

சரக்கில் குறை இருக்கிறதா? 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால், குறை சரியான நாளில் இருந்துதான் 45 நாள் கணக்கு ஓடும். போனில் திட்டியது கணக்கில் வராது. ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, பணம் கேட்டு வரும்போது "உங்க சரக்கு சரியில்லை" என்று சொல்லுவதும் எடுபடாது.

வருமான வரியிலும் இது வந்துவிட்டது. 2023-ல் சேர்த்த 43பி(எச்) பிரிவு 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் இருந்து நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 1 அன்று ஏற்றுக்கொண்ட சரக்குக்கு 45 நாள் மார்ச் 18-ல் முடிகிறது. நீங்கள் ஏப்ரல் 10 அன்றுதான் பணம் கொடுத்தீர்கள் என்றால், அந்தத் தொகையை முடிந்துபோன வருடத்தின் செலவாகக் காட்ட முடியாது. ₹4 லட்சம் பாக்கி வைத்திருந்தால் அந்த ₹4 லட்சமும் லாபமாகி வரிக்கு வந்து நிற்கும். கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் கழிக்கலாம்.

வேலை வாங்கிச் செய்கிறவர்களுக்கு: உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போனிலேயே முடித்துவிடலாம். "பதிவு பண்ணித் தர்றேன், ரெண்டாயிரம் ஆகும்" என்று அழைப்பு வந்தால் கட் பண்ணுங்கள். வேலையை எடுக்கும் முன்பே பதிவு செய்திருப்பது முக்கியம். பிறகு பதிவு செய்தால் பழைய பில்லுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டா என்பது கோர்ட்டு வரை போகிற விவகாரமாகிவிடுகிறது. வெறும் வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு இந்தத் தாமதக் கட்டண விதிகள் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் வராவிட்டால் குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். ஒன்றிய அரசு 2017-ல் சமாதான் இணையதளத்தைத் தொடங்கியது. 2025-ல் ஆன்லைன் தகராறு தீர்வுத் தளமும் வந்தது. எந்தத் தளத்தில் எப்படிப் பதிவது என்று உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். முதலில் சமரசம், முடியாவிட்டால் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இதற்கெல்லாம் பில், சலான், சரக்கு சேர்ந்த அத்தாட்சி மூன்றும் வேண்டும். போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருங்கள்.

பாஸ்வேர்டும் வெளியே போகிறது

துணி போனால் தெரியும். பாஸ்வேர்டு போனால் தெரியாது. கணக்கு எழுதிக் கொடுப்பவர் உங்களுக்காக ஜிஎஸ்டி பதிவு செய்யும்போது, ஓடிபி வாங்க வசதியாக அவருடைய மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவது சர்வ சாதாரணம். அவரோடு மனஸ்தாபம் வந்தாலோ அவர் தொழிலை விட்டாலோ, துறை அனுப்பும் நோட்டீஸ் எல்லாம் அவர் போனுக்குப் போகும். கெடு முடிந்த பிறகு உங்களுக்குத் தெரியவரும். இன்றே லாகின் செய்து அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர் பகுதியில் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள். லாகினே கையில் இல்லை என்றால் உங்கள் பகுதி வணிகவரி அலுவலகத்துக்கு ஆவணங்களோடு போய் மாற்றச் சொல்லுங்கள். இணையதள முகவரி, கூகுள் மேப்பில் கடைப் பக்கம், பேஸ்புக் பக்கம் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் உங்கள் மின்னஞ்சலாகவே இருக்கட்டும்; வேலை செய்கிறவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். சான்றிதழுக்கு மனு போடும்போது வேறு யாருடைய மொபைல் எண்ணையோ கொடுத்துவிட்டு எஸ்எம்எஸ் வரவில்லையே என்று காத்திருக்கிறோமே, அதே கதைதான்.

வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், முகவரியை டெலிவரிக்கோ விளம்பரத்துக்கோ வேறொருவரிடம் கொடுத்தால், அது கசிந்தாலும் பொறுப்பு உங்களுடையது என்கிறது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்தப் பொறுப்பு மாறாது.

ஆட்களை ஒப்பந்தத்தில் எடுத்தால்

சரக்கை அனுப்பாமல், கான்ட்ராக்டர் மூலமாக ஆட்களை உங்கள் இடத்துக்கே வரவழைத்து வேலை செய்வதும் உண்டு. அவர் கூலி கொடுக்காமல் போனால் நீங்கள் கொடுக்க வேண்டும். பிஎஃப், இஎஸ்ஐ கட்டாமல் விட்டாலும் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் உங்களிடம்தான் வருவார்கள். ஒவ்வொரு மாதமும் அவருடைய பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன், போன மாதத்து பிஎஃப், இஎஸ்ஐ சலானையும் உங்கள் இடத்தில் வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் வாங்கி ஒப்பிடுங்கள். பெயர் இல்லாதவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நடுவில் பார்ப்பது, கடைசியில் பிரிவது

கொடுத்துவிட்டுப் பத்தாம் நாள் போய் நிற்காதீர்கள். முதல் ஐம்பது பீஸ் தைத்து முடிந்ததும் ஒரு ஆள் போய் அளந்து பார்க்கட்டும். ஆர்ம்ஹோல் அரை இஞ்ச் தப்பியிருந்தால் ஐம்பதோடு போகும். நான்காம் நாள் எத்தனை முடிந்தது என்று கேட்டு, பாதிக்கும் கீழே இருந்தால் அன்றே மீதித் துணியில் கொஞ்சத்தை உங்கள் இரண்டாவது ஆளிடம் மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் உங்கள் துணி எவ்வளவு கிலோ யாரிடம் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி அவர்களிடமே கையெழுத்து வாங்குங்கள்.

ஒருவரோடு வேலையை முடித்துக்கொள்ளும்போது வரிசை முக்கியம். திறந்திருக்கும் சலான்களை எல்லாம் எடுத்து, போன துணிக்கும் வந்த பீஸுக்கும் சேதாரத்துக்கும் கணக்கை நேர் செய்யுங்கள். மீதித் துணி, பேட்டர்ன், ஸ்கிரீன், லேபிள் எல்லாம் திரும்பி வரட்டும். உங்கள் கடைப் பெயர் அச்சிட்ட லேபிள் ஐந்நூறு அங்கே மிச்சமிருந்தால் அதையும் எண்ணி வாங்குங்கள். கணக்கில் வித்தியாசம் இருந்தால் அதை எழுத்தில் சொல்லி அந்தத் தொகையை மட்டும் நிறுத்துங்கள். மீதி முழுவதையும் 45 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். அடுத்த சீசனில் பள்ளி திறக்கும் நேரத்தில், அதே பவர் டேபிள்காரருக்குத்தான் மறுபடி போன் செய்ய வேண்டிவரலாம்.